அவள் பார்த்த பக்கம் வீடு

தான் வளர்ந்த ஊரில், தான் கட்டிய வீட்டுக்கு, தெருவில் போகிறவர்களிடம் வழி கேட்டவர் ஏழுமலை. குடிபோதை இல்லை, மறதியும் இல்லை. வீட்டுக் கதவின் நிறம் சொல்வார். எதிர்வீட்டுக்காரரின் மருமகன் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று சொல்வார். கவரைப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து அந்த வீடு பேசிக்கொண்டே நடந்தால் அலுப்புத் தெரியாத தூரம். ஆனால் தெருமுனையில் நின்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு சிகிச்சை மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் வேலைநாட்களிலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஹெட்செட்டை எப்படி மாட்டுவது, தலை சுற்றினால் என்ன செய்வது என்பதையெல்லாம் சொல்லித் தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஏழுமலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் நினைப்பது அவரைத்தான். அவரையும் அவர் மனைவி கஸ்தூரியையும்.

கும்மிடிப்பூண்டியில் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார் ஏழுமலை. ஒரு மழைநாளில் நெடுஞ்சாலையில் பைக் சறுக்கித் தலையில் அடி. உயிர் பிழைத்தார். கை, கால், பேச்சு எல்லாம் சில மாதங்களில் திரும்பிவிட்டன. மூளையின் பின்பக்கம் ஒரு சின்ன இடம் மட்டும் திரும்பவில்லை. நாம் நின்றிருக்கும் இடத்திலிருந்து மற்ற இடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் இடம் அது. அது வேலை செய்வது நமக்குத் தெரியவே தெரியாது, நின்றுபோனால்தான் தெரியும்.

முதல் நாள் அவரே அதை எனக்கு விளக்கினார். அவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

“ரேஷன் கடைன்னு தெரியுது மேடம். கடையில யாரு உக்காந்துகினு இருக்காங்கன்னு கூட தெரியுது. ஆனா கடைக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு தெர்ல. கடையோட ஊரு முடிஞ்சு போன மாதிரி கீது.”

அடிபட்டு வீடு திரும்பிய சில வாரங்களில் பால் வாங்கப் போனவர் மாலைவரை வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், லாரிகள் பாயும் சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு கஸ்தூரி வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அவசரத்துக்கு ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஒரே மகள் கல்யாணமாகித் திருவாலங்காட்டில் இருந்தாள், கைக்குழந்தையோடு. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. கஸ்தூரியின் சம்பளம் நின்றால் சமையலறையும் நிற்கும். பூட்டைப் பற்றி ஏழுமலை யாரிடமும் குறை சொன்னதில்லை.

சிகிச்சை தொடங்கும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்போம். மறுபடி எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்? வேலைக்குப் போகணும் என்பார்கள், வண்டி ஓட்டணும் என்பார்கள். ஏழுமலையோ, “சாயங்காலம் ஸ்டேஷனாண்ட போய் நிக்கணும் மேடம்” என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

“அது வரும்.” பெண்டாட்டியை அவர் அப்படித்தான் சொல்வார்.

கஸ்தூரியும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை செய்தாள். எலெக்ட்ரானிக் பாகங்களைச் சேர்க்கும் கம்பெனி, ஜெனரல் ஷிஃப்ட். விபத்துக்கு முன்னால் ஏழுமலைக்கு முதல் ஷிஃப்ட் என்பதால் அவர் பகலிலேயே வீடு வந்துவிடுவார். கொஞ்சம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு மாலை ரயில் நேரத்துக்கு நிலையத்துக்கு நடப்பார். மேம்பாலப் படிக்கட்டின் கீழே நிற்பார். கஸ்தூரி இறங்கி வந்து டிபன் பையை அவரிடம் கொடுப்பாள். இருவரும் நடப்பார்கள். வீட்டுக்குள் போனால் அடுப்பு, துணி, தண்ணீர், டிவி. பேச வேண்டியதையெல்லாம் அந்த நடையில்தான் பேசுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம்.

இதைக் கஸ்தூரியிடம் சொன்னபோது அவள் முகம் கல்லாகிவிட்டது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

“ஸ்டேஷனெல்லாம் வேணாம் மேடம். குளிக்கிறது, சமைக்கிறது, அந்த மாதிரி எதனா சொல்லிக் குடுங்க. ஊட்ல இருந்தா போதும் எனக்கு. பாலத்தாண்ட நின்னாரே, அந்த ஒரு நாளே என் ஆயுசுக்கும் போதும்.”

இரண்டு பேரும் சொன்னது நியாயம். நோயாளியின் ஆசை ஒரு பக்கம், வீட்டாரின் பயம் இன்னொரு பக்கம். இந்த இடத்தில் உடனே யாருக்காவது தலையாட்டிவிடாதீர்கள். வெளியே போகும் பேச்சை இப்போது எடுக்க மாட்டேன், உள்ளே பயிற்சி மட்டும் கொடுக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள். பயிற்சி நாட்களில் காலை ரயிலில் அவரை அழைத்துவந்து எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

அப்போதுதான் எங்கள் மையத்துக்கு, கண்ணில் மாட்டினால் ஒரு தெருவுக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும் ஹெட்செட்கள் வந்திருந்தன. அதைக் கவனித்துக்கொண்டவர் இம்ரான். பழவேற்காட்டுக்காரர். குடும்பம் முழுவதும் துணி வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்களிடம் வந்தார். பெட்டியோடு வந்த ஊர் ஒன்று அந்தக் கருவிக்குள் இருந்தது. அகலமான வீதிகள், ஒரே மாதிரி வீடுகள், சுருட்டிவிட்ட பாய் மாதிரி புல்தரை. ஏழுமலை அதற்குள் இரண்டு திருப்பத்துக்கு மேல் போகவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் நானும் தொலைந்துபோனேன் என்று அவரிடம் சொன்னேன். பொய் இல்லை.

இம்ரான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்ம பக்கத்து ஊர் மாதிரி ஒன்றை உருவாக்கினார். உற்சாகத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் அடையாளம் வைத்தார். சிவப்புக் கதவு, நீலப் பம்பு, வேப்பமரம், பிள்ளையார், நின்றுகொண்டிருக்கும் ஆட்டோ. ஏழுமலைக்கு அது சந்தைக்குள் போனது போல் இருந்தது. பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்று. நாளைக்கு நகர்ந்துபோகக் கூடியது எதுவும் வேண்டாம். ஆட்டோவும் போனது, விளம்பரப் பலகையும் போனது.

இப்போது அவர் நன்றாகப் போனார். கோயில் வந்தால் இடப்பக்கம், தண்ணீர் டேங்க் வந்தால் வலப்பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நானும் இம்ரானும் சந்தோஷப்பட்டோம். “இப்ப திரும்பி வாங்க” என்றேன்.

முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்.

“இது வேற டேங்க்கு மேடம்.”

அதே டேங்க்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். போகும்போது தெரிந்த பக்கத்தில் பெரிதாகப் படம் வரைந்திருந்தது. இந்தப் பக்கத்தில் ஓர் இரும்பு ஏணியும் குழாயும் மட்டுமே. அவர் சொன்னது சரி. போகும்போது நாம் முன்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டே போகிறோம். திரும்பும்போது, இதுவரை பார்க்காத ஓர் ஊர் எதிரில் வருகிறது. நமக்கெல்லாம் மூளை அதைச் சத்தமில்லாமல் புரட்டிப் போட்டுக் காட்டிவிடுகிறது. அவருக்கு அந்த வசதி இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை அவருக்குள் ஏற்றினோம். ஒவ்வொரு திருப்பத்தையும் தாண்டியதும் நிற்க வேண்டும். உடம்போடு முழுதாகத் திரும்பி வந்த வழியைப் பார்க்க வேண்டும். வரும்போது என்ன தெரியும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏணி இருக்கிற டேங்க்கு, இடது பக்கம். மெதுவான வேலை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த ஊருக்குள் அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். முதல் தடவை திரும்பி வந்தபோது, ஹெட்செட்டைக் கழற்றாமலேயே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அவருடைய சொந்தத் தெருவையே எடுத்துவரலாம் என்றார் இம்ரான். கஸ்தூரியிடம் கேட்டபோது, படம்தானே, எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். ஒரு வேலைநாளில் இம்ரான் சுற்றிலும் படம் எடுக்கும் கேமராவோடு கவரைப்பேட்டைக்குப் போய், ஏழுமலையின் வாசலிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும், பிறகு அங்கிருந்து வாசல் வரைக்கும் நடந்து எடுத்து வந்தார்.

அந்த வழியில் அடையாளமாக இம்ரான் குறித்தது செல்போன் கோபுரம், கல்யாண மண்டபம், மாவு மில். நானாக இருந்தாலும் அதைத்தான் குறித்திருப்பேன். ஏழுமலைக்கு எல்லாம் தெரிந்தது. மண்டபத்தில் யார் யார் கல்யாணத்தில் சாப்பிட்டோம் என்று சொன்னார். திசை மட்டும் வரவில்லை. சொந்த ஊரில் அவர் முன்னைவிட மோசமாகத் தடுமாறினார். இம்ரான் செய்த ஊரில் அவருக்குப் பழைய பழக்கம் எதுவும் கிடையாது. இங்கே கால் தானாகப் போகப் பார்த்தது, போய்த் தப்பான இடத்தில் நின்றது.

அவர் வீட்டுத் தெரு நேராகப் போய் ஒரு கால்வாயில் முட்டுகிறது. கால்வாய் ஓரமாக இடுப்பளவுக்கு ஒரு கட்டைச் சுவர். அங்கே சாலை இரண்டு பக்கமும் பிரிகிறது. ஒரு பக்கம் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை. பால் வாங்கப் போன அன்று அவர் திசை மாறியது அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒருநாள் பயிற்சியில் அந்தச் சுவரின் முன்னால் வந்ததும் அவர் பேச்சு மாறியது.

“இங்கதான் அது கால் சுளுக்கிக்கினு உக்காந்துச்சு.”

எப்போது என்று கேட்டேன். மகள் வயிற்றில் இருந்தபோது, மழைக்காலத்தில், ஸ்டேஷனிலிருந்து வரும்போது என்றார். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள் என்று, அதிகம் யோசிக்காமல்தான், கேட்டேன்.

ஹெட்செட்டோடு அறைக்குள் அப்படியே திரும்பினார். சுவர் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இப்படிக்கா. ஊட்டுத் தெருவப் பாத்துக்கினு. ‘ஊடு இங்கிருந்தே தெரியுது, நடக்கத்தான் முடியல’ன்னு சொல்லி அழுதுச்சு. நான் இப்படிக்கா ஓடனேன், ஆட்டோ இட்டுக்கினு வர.”

வலது கை நீண்டிருந்தது. ரயில் நிலையம் இருந்த பக்கம். தான் திசை காட்டியது அவருக்கே தெரியவில்லை. நானும் இம்ரானும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ‘இது என்ன இடம்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். இங்கே என்ன நடந்தது, அவள் எங்கே நின்றாள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். மாவு மில் வாசலில், மகளுக்கு வரன் வந்திருக்கும் சேதியைக் கஸ்தூரி சொல்லியிருக்கிறாள். மில் இரைச்சலில் காது கேட்காமல் இவர் அவள் பக்கமாகத் திரும்பியிருக்கிறார். அவர் திரும்பிய பக்கம்தான் வழி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு சண்டை. கோபித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்துபோனது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். கோபுரமும் மண்டபமும் செய்ய முடியாததை இவை செய்தன. அவள் பார்த்த பக்கம் வீடு, நான் ஓடிய பக்கம் ஸ்டேஷன் என்று சொல்லிக்கொண்டே அந்தச் சுவரை இரண்டு திசையிலும் கடக்கப் பழகினார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இம்ரானிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

“தம்பி, அத அந்தக் கட்ட மேல உக்கார வைக்க முடியுமா?”

முடியும். கஸ்தூரியை ஒரு படம் எடுத்தால் போதும், சுவரின் மேல் உட்கார்ந்திருப்பது போல வைத்துவிடலாம். இம்ரானுக்கு ஆசையாக இருந்தது. அவர் எவ்வளவு சீக்கிரம் தேறுவார் பாருங்கள் மேடம் என்றார். உண்மைதான், தேறியிருப்பார். ஆனால் நிஜத் தெருவில் அந்தச் சுவரின்மேல் கஸ்தூரி இருக்க மாட்டாள். அங்கே இல்லாத ஒன்றை இங்கே வைத்துப் பழக்கினால், அவர் அங்கே போய் அதைத் தேடிக்கொண்டு நிற்பார். முடியாது என்று சொன்னேன்.

ஏழுமலை என்னோடு பேசாமல் போன ஒரே நாள் அதுதான். அவர் கேட்டது அடையாளம் அல்ல என்று எனக்கும் தெரியும். பகலெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற மனுஷன், தன் பெண்டாட்டியைச் சுவரின்மேல் மறுபடி ஒரு தரம் பார்க்க ஆசைப்பட்டார். அதைக் கொடுக்கக் கூடிய கருவி கையில் இருந்தும் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும்.

கருவிக்குள் அவர் போய்வரத் தொடங்கிவிட்டார். இனி நிஜத் தெரு. அதற்குக் கஸ்தூரி ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பொம்மைத் தெருவில் லாரி வராது மேடம் என்றாள். அவர் என்ன செய்கிறார் என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு மாலை, அவரைக் கூட்டிப்போக வந்தவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். ஏழுமலை வெளியே பெஞ்சில் இருந்தார். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியைப் போட்டார் இம்ரான். அவள் முதலில் சிரித்தாள். மில் வந்ததும் ‘இது நம்ம மில்லு’ என்றாள். கட்டைச் சுவரின் முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருவுக்குள் போனாள். வீடு வந்தது.

நானும் இம்ரானும் அந்தக் காட்சியைப் பல தடவை பார்த்திருந்தோம். பார்த்துப் பார்த்து அதைக் கவனிப்பதையே விட்டிருந்தோம். இம்ரான் படம் எடுத்தது ஒரு வேலைநாளில். கதவில் பூட்டுத் தொங்கியது. கதவை ஒட்டிய ஜன்னலில், கம்பியைப் பிடித்தபடி ஒரு கை.

கஸ்தூரி ஹெட்செட்டைக் கழற்றாமலேயே பேசினாள்.

“தினம் இங்கதான் திரும்பி வராரா?”

ஆமாம் என்றேன்.

அவள் அதைக் கழற்றி இம்ரானிடம் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்றைக்கு என்று சொல்லுங்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

அந்த நாளும் வந்தது. கஸ்தூரி வழக்கம்போல வேலைக்குப் போனாள். அவள் திரும்பும் ரயிலுக்கு ஏழுமலை வீட்டிலிருந்து தனியாகக் கிளம்ப வேண்டும். நானும் இம்ரானும் அவர் கண்ணில் படாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பின்னால் போவது என்று ஏற்பாடு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு புறப்பட்டார். வாசலைத் தாண்டியதும் நின்று, உடம்போடு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். அதிலேயே எனக்குப் பாதி தைரியம் வந்தது.

தெரு முனையை அடைந்ததும் அது போய்விட்டது. கட்டைச் சுவர் இல்லை.

கால்வாய் வேலைக்காக இடித்திருந்தார்கள். சுவர் இருந்த இடம் முழுவதும் மண்மேடு. பக்கத்தில் ஒரு ஜேசிபி நின்றது. சிமென்ட் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. காலையில் கஸ்தூரி போனபோது சுவர் இருந்தது, அன்று பகலில்தான் இடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது; நாங்கள் தெருவின் மறுமுனை வழியாக வந்திருந்ததால் பார்க்கவில்லை. ஏழுமலை அதன் முன்னால் நின்றார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் அவருக்கு ஒன்றுதான்.

போய்க் கூட்டிவந்துவிடலாம் மேடம் என்றார் இம்ரான். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூப்பிட்டால் ஏழுமலை வந்துவிடுவார். பத்திரமாக வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நாளைக்கு அந்தக் கதவில் பூட்டு மறுபடி தொங்கும், அதைப் பூட்டியது நானாக இருப்பேன். கூப்பிடாமல் விட்டு அவர் வலப்பக்கம் போய்விட்டால், அந்த வழி முடிவது நெடுஞ்சாலையில். இரண்டையும் எடைபோட நேரமில்லை. வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு மின்கம்பம் தெரிந்தது. அதை அவர் தொட்டால் ஓடிப்போய்ப் பிடிப்பது, அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், அந்தக் கோட்டை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பயம் வந்த பிறகு போட்டால் அது நம் காலடியிலேயே விழும்.

அவர் வலப்பக்கம்தான் நடந்தார். ஒரு லாரி அவரை உரசுவதுபோலப் போனது. கம்பத்தை நெருங்கினார். நான் செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

நின்றார். திரும்பினார். வந்த வழியே மண்மேட்டுக்கு வந்தார். கையால் ஓர் இடத்தைத் தட்டி விட்டுவிட்டு, கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மண்ணின்மேல் உட்கார்ந்தார்.

ஜேசிபிக்காரர் டீ தம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டைக்காரர் ஒருவர் மண்மேட்டில் ஏன் உட்கார வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கு உடனே புரிந்தது. கால் சுளுக்கிய கஸ்தூரி உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் வீட்டுத் தெரு. அவள் அழுதுகொண்டு பார்த்த தெரு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் வலது கை மெதுவாக எழுந்தது, எங்கோ ஓடுகிற ஒருவரைக் காட்டுவது போல.

எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்தக் கை காட்டிய பக்கம் நடந்தார்.

நிலையத்தில் மேம்பாலப் படிக்கட்டின் கீழே போய் நின்றுகொண்டார். நாங்கள் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் ஒதுங்கினோம். ரயில் வந்தது. டிபன் பைகளோடு பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். அவர்கள் நடுவில் கஸ்தூரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள். பாதியில் தலையை நிமிர்த்திக் கீழே பார்த்தாள். நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு அவளைச் சுற்றி இறங்கிப் போனார்கள். படிக்கட்டு காலியாகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு இறங்கி வந்து டிபன் பையை நீட்டினாள்.

“எப்போ வந்த மாமா?”

“இப்பத்தான்.”

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். சட்டையிலிருந்த மண்ணை அவள் தட்டிவிட்டாள். இருவரும் நடந்தார்கள். நாங்கள் பின்னாலேயே போனோம், ஆனால் அதற்கு அவசியம் இருக்கவில்லை.

இதைப் பெரிய வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழுமலை மறுபடி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவில்லை. கடம்பத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இன்றுவரை தனியாகப் போக முடியாது. ஊர் முழுவதும் தொலைந்ததில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது ஒரே ஒரு வழி. இன்னும் கொஞ்சம் முயன்றால் இன்னொரு வழியும் கிடைக்குமா என்று நான் கேட்டபோது, இது போதும் மேடம் என்றார்.

கட்டைச் சுவரை யாரும் திரும்பக் கட்டவில்லை. கால்வாயை மூடி மேலே சிமென்ட் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை பரிசோதனைக்கு வந்த ஏழுமலை, அந்தத் தெருவைப் போடச் சொல்லி இம்ரானைக் கேட்டார். என்ன பயிற்சி என்று இம்ரான் கேட்டதற்கு, “சும்மாத்தான் தம்பி. இதுல கட்ட இன்னும் கீதே” என்றார். சுவரின் முன்னால் நிறுத்தச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே அடுத்த நோயாளி காத்துக்கொண்டிருந்தார். நான் அவரை எழுப்பவில்லை. உங்களிடமும் இப்படி யாராவது கேட்டால், சிகிச்சைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்காமல் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்னால் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் கஸ்தூரியைப் பார்த்தேன். மாலை ரயிலுக்குக் காத்திருந்தாள். ஏழுமலை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், தினமும் வருகிறார் என்றாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

போன வாரம் வீட்டுக்குப் போகும்போது மில் பக்கத்தில் அவர் தப்பாகத் திரும்பிவிட்டாராம்.

நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“சொல்லல மேடம். பேசிக்கினே போனாரு, நானும் போனேன். மாந்தோப்பு வரைக்கும் போய்ட்டோம். அப்புறம் அவரே நின்னு, ‘தப்பா வந்துட்டமா கஸ்தூரி’ன்னாரு. ‘எனக்கு இன்னா தெரியும், நீதான இட்டுக்கினு போற’ன்னேன்.”

அவர் திரும்பி நின்று வந்த வழியைப் பார்த்தாராம். மெதுவாக அவளைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாராம். வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டதாம்.

ரயில் வந்தது. உட்கார நிறைய இடம் இருந்தது. கவரைப்பேட்டை அடுத்த நிலையம்தான். கஸ்தூரி என்னிடம் தலையசைத்துவிட்டு ஏறி, உள்ளே போகாமல், டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரமாகவே நின்றுகொண்டாள்.